கட்டியதைக் காக்கக் கற்பதே!

(பட்டிமன்றத் தலைப்பு: ஊருக்குக் குடிநீரும் சுகாதாரமும் நிலைக்கப் பெரிதும் தேவை – புதிய திட்டங்களைக் கட்டுவதா? கட்டியதைக் காக்கக் கற்பதா?)

எனக்கு முன்னால் முழங்கிவிட்டு, மேசை மேலிருந்த ஒரு சொம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர் அவர்களே! (சிரிப்பு) என் அணித் தோழர்களே! திருச்சி மாநகரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டில் டி.வி. முன்னால் உட்கார்ந்து, ‘மோட்டார் போட்டோமே, நிறுத்தினோமா’ என்று யோசித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருக்கும் நேயர்களே! (பலத்த சிரிப்பு) போய் நிறுத்திட்டு வாங்கம்மா, நான் காத்திருக்கேன்.

நண்பர் அழகாகப் பேசினார். பட்டியலே போட்டார். 2004-ல் வீராணத்துத் தண்ணீர் சென்னைக்கு வந்தது என்றார். 2010-ல் மீஞ்சூரில், 2013-ல் நெம்மேலியில், ஒவ்வொன்றிலும் நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது என்றார். 2019-ல் ஜல் ஜீவன் திட்டம், கிராமத்தில் ஆளுக்கு 55 லிட்டர் என்றார். ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை. குழாயே இல்லாத ஊரில் போய்ப் பராமரிப்பைப் பற்றிப் பேசுவது, கல்யாணமே ஆகாதவனுக்கு அறுபதாம் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற மாதிரி. (சிரிப்பு) கட்டத்தான் வேண்டும். ஆனா ஐயா, தலைப்பில் ‘நிலைக்க’ன்னு ஒரு வார்த்தை இருக்கு. நண்பர் தண்ணி வர்றதைப் பத்திப் பேசினாரு, வந்த தண்ணி நிக்கிறதைப் பத்தி மூச்சு விடலை. ஒருவேளை அந்தச் சொம்பைக் குடிச்சு முடிச்சதால மூச்சு இல்லையோ என்னவோ! (சிரிப்பு, கைதட்டல்)

அவர் சொன்ன அதே சென்னைக்கே வருகிறேன். வீராணமும் வந்தாச்சு, இரண்டு ஆலைகளும் வந்தாச்சு. அப்புறம்தான் 2019 ஜூன் மாதம் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டு வெடிச்சுக் கிடந்தது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். ரயிலைப் பார்க்க கூட்டம்! அதுக்கு நாலே வருஷம் முன்னால, 2015 டிசம்பரில், அதே ஊர் ஜனங்க மொட்டை மாடியில் நின்று படகுக்குக் கை காட்டினார்கள். ஒரு வருஷம் படகு, ஒரு வருஷம் ரயில். வானம் கொடுக்காமல் இல்லை ஐயா, கொடுத்ததை வாங்கி வைக்கத்தான் நமக்குத் தெரியவில்லை.

கணக்குச் சொல்றேன், வீட்டில் இருக்கிற பிள்ளைகள் போட்டுப் பாருங்க. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி. ஒரு சென்டிமீட்டர் மழை. எவ்வளவு தண்ணீர்? ஏறக்குறைய 930 லிட்டர்! சென்னையில் சராசரி வருஷத்துக்கு 140 சென்டிமீட்டர் பெய்கிறது. ஒரே ஒரு வீட்டு மாடியில் 1,30,000 லிட்டர். அத்தனையும் பிடிக்க முடியாது, ஆவியாவது போக, வழிவது போக, பாதி பிடித்தால்கூட லாரிக்காரர் நம்ம தெருப் பக்கம் வரவேண்டிய அவசியம் குறையும்.

இதுக்குத்தான் 2003-ல் தமிழ்நாடு முழுக்க எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் என்று சட்டம் வந்தது. நல்ல சட்டம். நாட்டுக்கே முன்மாதிரி. நம்ம ஆளுங்க என்ன செய்தாங்க? பல பேர் ஒழுங்காகச் செய்தார்கள், கிணற்றில் நீர் ஏறியது. சில புத்திசாலிகள் மாடியிலிருந்து ஒரு பைப்பை இறக்கி, மண்ணுக்குள்ளே ரெண்டு அடி நட்டு, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கீழே குழியே கிடையாது! (சிரிப்பு) பைப்பு கால் ஊன்றி நிக்குது, அவ்வளவுதான். ஒழுங்காகக் கட்டியவர்கள் கதை என்ன? குழிக்குள் ஜல்லி, அதன் மேலே மணல். ஒவ்வொரு மழைக்கும் மாடித் தூசி, காக்கா எச்சம், வேப்பிலை எல்லாம் இறங்கி மணல் மேலே ஒரு ஏடு கட்டும். பால் ஏடு மாதிரி. அந்த ஏடு கட்டினால் கீழே ஒரு சொட்டு இறங்காது. ஐப்பசி மழைக்கு முன்னால மேல் மணலை வாரி எடுத்து, அலசிப் போட வேண்டும். முதல் மழையை வெளியே விட்டுவிட வேண்டும். இதுக்கு உலக வங்கிக் கடன் தேவையில்லை. ஒரு மண்வெட்டியும், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையும் போதும். 2003-ல் கட்டின எத்தனை வீட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது? இந்த அரங்கத்தில் கை தூக்கச் சொல்ல மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மா உண்மையைச் சொல்லிடுவாங்க. (பலத்த சிரிப்பு)

அடுத்து அடி பம்பு. தெருமுனையில் நிக்குமே, ‘இந்தியா மார்க் டூ’. 1970-களில் யுனிசெப் உதவியோடு நம்ம நாட்டில் உருவான பம்பு. கல்லு மாதிரி உழைக்கும். அதில் முதலில் தேய்வது எது தெரியுமா? உள்ளே இருக்கிற ஒரு வாசர். ஆழ்துளைக் கிணறு தோண்ட ஆன செலவுக்குப் பக்கத்தில் அந்த வாசர் விலையைச் சொன்னால் சிரிப்பீங்க. ஆனா அது தேய்ஞ்சால் மொத்தப் பம்பும் ஊமை. அதை மாற்ற மெக்கானிக் வர வேண்டும். அவர் வரும் வரைக்கும் யார் நடக்கிறது? ஐயா நடக்கிறாரா? குடம் எந்த இடுப்பில் இருக்குன்னு தாய்மார்களுக்குத் தெரியும். (கைதட்டல்)

உத்தரப் பிரதேசத்தில் பாந்தா என்று ஒரு மாவட்டம். புந்தேல்கண்ட் வறட்சிச் சீமை. 1990-களின் தொடக்கத்தில் அங்கே ‘மகிளா சமாக்யா’ என்ற பெண் கல்வித் திட்டத்தின் கீழ் கிராமத்துப் பெண்களுக்கு அடி பம்பைப் பழுது பார்க்கப் பயிற்சி கொடுத்தார்கள். யாருக்கு? பெரும்பாலும் தலித் பெண்களுக்கு, பழங்குடிப் பெண்களுக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ‘பொம்பளை ஸ்பேனர் பிடிக்கிறதா?’ என்று சிரித்தவர்கள் உண்டு. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பைப்பைத் தூக்கி, வாசரை மாற்றி, தண்ணீரை வரவழைத்துக் காட்டினார்கள். எந்தச் சாதிக்காரியைத் தண்ணீர் எடுக்கிற இடத்தில் ஒதுக்கி நிறுத்தினார்களோ, அவளையே கூப்பிட்டு ‘எங்க தெருப் பம்பையும் கொஞ்சம் பாரும்மா’ன்னு கேட்க வேண்டியதாச்சு. (நீண்ட கைதட்டல்)

கதை அதோட முடியலை. ‘எந்தப் பம்பு, எந்தத் தேதி, என்ன சாமான் மாத்தினோம், எத்தனை பாக்கி இருக்குன்னு நாங்க எழுதி வைக்கணும், எங்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுங்க’ன்னு அந்தப் பெண்களே கேட்டார்கள். எழுத்து வகுப்பு வந்தது. எழுத்து வந்ததும் சொந்தமாக ஒரு செய்தித்தாள் போட்டார்கள், ‘மகிளா டாகியா’ன்னு. அந்த வழியில்தான் 2002-ல் கிராமத்துப் பெண்களே நடத்துகிற ‘கபர் லஹரியா’ பத்திரிகையும் பிறந்தது. ஒரு வாசரில் ஆரம்பிச்சு ஒரு பத்திரிகை வரைக்கும்! பள்ளிக்கூடத்தில் எழுத்தைக் கற்றுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இங்கே வேலையைக் கற்றுக்கொண்டு எழுத்துக்கு வந்தார்கள். நண்பர் சொன்ன எந்தக் கோடி ரூபாய்த் திட்டத்தில் இந்த வரவு இருக்கு?

தண்ணீரைப் பத்திப் பேச எல்லாருக்கும் வாய் வரும். அந்தத் தண்ணீர் நம்ம வீட்டை விட்டு வெளியே போனதும் என்ன ஆகுதுன்னு கேட்டா, மூக்கைப் பிடிச்சுக்குவோம். கழிப்பறையைப் பத்திக் கொஞ்சம் பேசப் போறேன் ஐயா.

(நடுவர்: அம்மா, இது சாப்பாட்டு நேரத்துல ஒளிபரப்பாகுமே!)

சாப்பிட்டவங்க அடுத்து எங்கே போவாங்க ஐயா? (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

2014 அக்டோபரில் தூய்மை இந்தியா திட்டம் தொடங்கி, ஐந்து வருஷத்தில் பத்துக் கோடிக்கு மேல் கிராமத்து வீடுகளில் கழிப்பறை கட்டப்பட்டதாக அரசு அறிவித்தது. சாதனைதான். அதில் அரசு சிபாரிசு செய்தது இரட்டைக் குழிக் கழிப்பறை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழி. சுவரில் இடைவெளி விட்டுச் செங்கல், அடியில் பூச்சு கிடையாது. தண்ணீர் மண்ணில் இறங்கிவிடும். ஒரு குழி நிரம்ப நாலைந்து வருஷம் ஆகலாம். நிரம்பினதும் அதை மூடிவிட்டு, வழியை அடுத்த குழிக்குத் திருப்பி விடணும். மூடின குழி ஒன்றரை, இரண்டு வருஷம் சும்மா கிடந்தால் நாற்றமில்லாத, காய்ந்த எரு. மண்வெட்டியால் அள்ளித் தென்னைக்குப் போடலாம்.

இதை யார் நம்புவா? 2017 பிப்ரவரியில், தெலங்கானாவில் வாரங்கல் பக்கம் கங்கதேவிப்பள்ளி என்கிற கிராமத்தில், மத்திய அரசின் குடிநீர், சுகாதாரத் துறைச் செயலாளர் பரமேஸ்வரன் ஐயர், தானே அந்தக் குழிக்குள் இறங்கி, எருவைத் தன் கையால் அள்ளிக் காட்டினார். மத்திய அரசுச் செயலாளர்! டெல்லியில் உட்கார்ந்து சுற்றறிக்கை அனுப்பியிருக்கலாம். ஏன் இறங்கினார்? பத்துக் கோடி கழிப்பறை கட்டலாம், ‘அது எரு, அசிங்கமில்லை’ன்னு ஒரு மனசுக்குள்ளே கட்ட முடியலை. அதைக் காட்டித்தான் கற்றுக்கொடுக்க முடியும்.

நம்ம பக்கத்தில் என்ன செய்கிறோம்? மேஸ்திரியைக் கூப்பிட்டு, ‘செலவைப் பார்க்காதே, ஆழமாத் தோண்டு, என் பேரன் காலம் வரைக்கும் நிரம்பக் கூடாது’ங்கிறோம். பேரனுக்கு நிலம் சேர்த்து வைப்பாங்க, நகை சேர்த்து வைப்பாங்க, இவர் இதைச் சேர்த்து வைக்கிறார்! (அரங்கமே அதிரும் சிரிப்பு)

சிரிச்சுட்டோம். ஆனா அந்த ஆழத்துக்குப் பின்னால ஒரு விஷயம் இருக்கு. ‘இதை அள்ளுகிறது நம்ம வேலை இல்லை, அதுக்குன்னு ஒரு ஜனம் இருக்கு’ங்கிற நினைப்பு. அந்த நினைப்புத்தான் பெரிய டேங்க் கட்டுது. அது என்றைக்காவது ஒருநாள் அடைக்கும். அன்றைக்கு ஒரு மனுஷனைக் கூப்பிட்டு, ஐந்நூறோ ஆயிரமோ பேசி, மூடியைத் திறந்து இறங்கச் சொல்கிறோம்.

உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு என்று ஒரு வாயு. அழுகின முட்டை நாற்றம். இதைத் தாய்மார்கள் தயவுசெய்து மனசில் வைக்கணும். அந்த வாயு அளவு மீறிப் போனால் மூக்கு மரத்துப் போகும், நாற்றமே தெரியாது. ‘நாத்தம் நின்னுடுச்சு, இப்ப இறங்கலாம்’னு மேலே இருந்து சொல்கிறார் பாருங்க வீட்டுக்காரர், அந்த நேரம்தான் எமன் உள்ளே உட்கார்ந்திருக்கிறான். முதல் ஆள் சாய்ந்தால், காப்பாத்த இரண்டாவது ஆள் குதிப்பார். அவர் பெரும்பாலும் தம்பியாக இருப்பார், மகனாக இருப்பார். அவரும் ஏறி வருவதில்லை. பேப்பரில் ‘விஷ வாயு தாக்கி இருவர் பலி’ன்னு நாலு வரி.

2013-லேயே சட்டம் வந்தாச்சு. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஒருவரைச் செப்டிக் டேங்கிலோ சாக்கடையிலோ இறக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தர வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-ல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. சட்டம் இருக்கு, தீர்ப்பு இருக்கு, உறிஞ்சுகிற லாரியும் இருக்கு. எது இல்லை? டேங்கை மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை, அடைக்கிறதுக்கு முன்னாலேயே லாரி வைத்து எடுக்கணும் என்கிற சாதாரண விவரம் வீட்டுக்காரருக்கு இல்லை. கல்யாண நாள் நினைவிருக்கு, இன்ஷூரன்ஸ் தேதி நினைவிருக்கு, டேங்க் எடுத்த வருஷம் நினைவிருக்கா? அந்த மறதிக்கு யாரோ வீட்டில் ஒரு பெண் தாலி இழக்கிறாள் ஐயா. (அரங்கம் அமைதி)

நண்பர் இன்னொன்று சொன்னார். ‘இதெல்லாம் ஜனங்க கற்றுக்க மாட்டாங்க, காசும் தர மாட்டாங்க, அரசாங்கமே பார்த்துக்கணும்’னு. திருச்சியில் நின்றுகொண்டு இதைச் சொல்லலாமா? (கைதட்டல்) உங்க ஊர்தானே கல்மந்தை? குடிசைப் பகுதி. பொதுக் கழிப்பறை இருந்தும் உள்ளே கால் வைக்க முடியாது. பெண்கள் இருட்டுக்குக் காத்திருந்தார்கள். ‘கிராமாலயா’ தொண்டு நிறுவனத்தின் துணையோடு பெண்கள் குழு அமைத்துச் சாவியை வாங்கினார்கள். ஒரு தடவைக்கு ஐம்பது காசு. கழுவ ஆள், பினாயில், விளக்கு, மோட்டார் ரிப்பேர் எல்லாம் அந்தக் காசில். சாயந்திரம் உட்கார்ந்து கணக்கு. 2002-ல், திறந்தவெளிக்கு யாரும் போகாத குடிசைப் பகுதியாகக் கல்மந்தை அறிவிக்கப்பட்டது. ஐம்பது காசில் நின்றது ஐயா, ஐந்து கோடியில் இல்லை! (பலத்த கைதட்டல்)

காவிரிக் கரையில் முசிறி. இப்ப நான் சொன்ன இரட்டைக் குழி அங்கே எடுபடாது. ஏன்? நிலத்தடி நீர் மேலாக இருக்கு. குழி தோண்டினால் கழிவு நேராகக் குடிக்கிற தண்ணீரில் கலந்துவிடும். அதனால் ‘ஸ்கோப்’ தொண்டு நிறுவனம் அங்கே வேறு மாதிரிக் கழிப்பறை கட்டியது. மலம் தனி, சிறுநீர் தனி, கழுவுகிற நீர் தனி. மலத்தின் மேல் சாம்பல். காய்ந்து எருவாகி வயலுக்குப் போகும். ஒரு பொதுக் கழிப்பறையில், பயன்படுத்துகிறவருக்கு இவர்களே காசு கொடுத்தார்கள்! (சிரிப்பு) சிரிக்காதீங்க, அது சரக்குக்கு விலை. (பலத்த சிரிப்பு) ஓர் ஊருக்குச் சரியானது பக்கத்து ஊருக்குச் சரிப்படாது. டெல்லியில் போட்ட வரைபடத்துக்கு இது தெரியாது, அந்த மண்ணைக் கற்றவனுக்குத்தான் தெரியும். ஸ்கோப்பின் மாராச்சி சுப்புராமனுக்கு 2021-ல், கிராமாலயாவின் தாமோதரனுக்கு 2022-ல் பத்மஸ்ரீ விருது. கழிப்பறைக்காக இரண்டு பத்மஸ்ரீ வாங்கின சீமை இது. (நீண்ட கைதட்டல்)

காசு தர மாட்டாங்களாம்! 1990-களின் கடைசியில் சென்னைக்குப் பக்கத்து ஆலந்தூர் நகராட்சியில் பாதாளச் சாக்கடைக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கேட்டார்கள். எப்போ? பள்ளமே தோண்டாத போது! நகராட்சியும் குடியிருப்போர் சங்கங்களும் தெருத் தெருவாகக் கூட்டம் போட்டு, என்ன செலவு, யார் கடன், மாதம் எவ்வளவுன்னு விளக்கினார்கள். ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டின. அன்றைய 5,000 சின்னப் பணமில்லை. கணக்கு புரிஞ்சா நம்ம ஜனம் கொடுக்கும். புரியாட்டா, ஒரு ரூபாய்க்கும் ஊரையே கூட்டும். அது நியாயமும்கூட.

கணக்குன்னதும் உத்தரமேரூர் நினைவு வருது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால, முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு. ஊர் வேலைக்கு வாரியங்கள். அதில் ஒன்று ஏரி வாரியம். ஆறு பேர், 360 நாள் பதவி, குடவோலையில் தேர்வு. யாரெல்லாம் நிற்கக் கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கு பாருங்க. முன்னே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது. அவன் மட்டுமில்லை, அவன் சொந்தக்காரனும் நிற்கக் கூடாது! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) ஏன் கை தட்டுறீங்கன்னு நான் கேட்க மாட்டேன், அரசியல் பேசக்கூடாதுன்னு நடுவர் சொல்லியிருக்கார். (சிரிப்பு) எல்லாமே பொற்காலமில்லை, நிலம் இல்லாதவன் பேர் அந்தக் குடத்துக்குள் ஓலையாக விழாது. அந்தக் குறையைக் கல்மந்தைப் பெண்கள் தீர்த்தார்கள். ஆனா, ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆள், அந்த ஆளுக்குக் காலம், காலத்துக்குக் கணக்கு என்கிற புத்தி அந்தக் கல்லில் இருக்கு.

(மணி ஒலிக்கிறது)

மணி அடிச்சுட்டாங்க. ஒரே நிமிஷம் ஐயா. நம்ம ஊராட்சிகளில் மேல்நிலைத் தொட்டியை மாதம் இரண்டு தடவை, ஐந்தாம் தேதியும் இருபதாம் தேதியும், கழுவ வேண்டும் என்று ஏற்பாடு. கழுவிய தேதியைத் தொட்டியிலேயே எழுத வேண்டும். கழுவினபின் பிளீச்சிங் பவுடர். மூட்டையைத் திறந்து ஈரத்தில் போட்டு வைத்தால் வீரியமெல்லாம் பறந்து மிச்சம் சுண்ணாம்புதான். அதைக் கலந்தால் வெள்ளை அடிக்கலாம், கிருமி சாகாது. (சிரிப்பு) கடைசித் தெருக் கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சணும். ஒரு சின்னக் குழாய்க் கண்ணாடியில் தண்ணீர் பிடித்து, மருந்து ரெண்டு சொட்டு விட்டால் நிறம் சொல்லிவிடும். பள்ளிக்கூடப் பிள்ளையே பார்க்கலாம்.

அடுத்துப் பேச வரும் எதிரணித் தலைவரிடம் ஒரே கேள்வி. உங்க ஊர்த் தொட்டி எத்தனை லிட்டர், எந்த வருஷம் கட்டினது, யார் திறந்து வைத்தார் என்பதெல்லாம் கல்வெட்டில் இருக்கும், படிச்சுட்டு வந்திருப்பீங்க. அதைக் கடைசியாகக் கழுவின தேதி என்ன? (பலத்த சிரிப்பு, கைதட்டல்) பதிலோடு வாங்க.